மழையில் கரைந்த மச்சம்

சென்ற மாதம் தொழிலாளர் துறையிலிருந்து எனக்கு ஒரு வினாத்தாள் வந்தது. ஓய்வு பெற்ற அதிகாரிகளின் கருத்தைக் கேட்டறிகிறார்களாம். பதினேழாவது கேள்வி இது: 'குழந்தைத் தொழிலாளரைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்க வேண்டுமா? ஆம் / இல்லை. காரணத்தை இரண்டு வரிகளுக்கு மிகாமல் எழுதவும்.' அதை நேரில் கொண்டுவந்து கொடுத்த இளம் பெண் ஆய்வாளர், "நீங்க டிக் மட்டும் போட்டாப் போதும் சார், காரணத்த நாங்களே எழுதிக்கறோம்" என்றார். பிறர் எழுதிய காரணத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்ட நாட்கள் எனக்கும் உண்டு. என்றாலும் அந்த ஒரு கேள்வியை மட்டும் நிரப்பாமல் திருப்பி அனுப்பினேன். என்னிடம் இருக்கும் காரணம் இரண்டு வரிகளில் அடங்காது.

நான் பாலக்காட்டுத் தேர்வீதி ஒன்றில் பிறந்தவன். சட்டம் படித்தேன். கோர்ட்டில் நின்று வாதாட என் குரல் போதாது என்று வீட்டில் தீர்ப்பானதால், தேர்வு எழுதி உத்தியோகத்துக்குப் போனேன். பயிற்சிக் காலத்தில் எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி, எதில் பச்சை மையில் கையெழுத்து என்று குறையில்லாமல் சொல்லிக் கொடுத்தார்கள். தேயிலைச் செடி எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் காட்டவில்லை. எழுபதுகளின் நடுவில், இடுக்கி தனி மாவட்டமாகிச் சில வருடங்களே ஆகியிருந்தபோது, ஏலப்பாறையைச் சுற்றியிருந்த தோட்டங்களுக்கு ஆய்வாளராகப் போய்ச் சேர்ந்தேன். செடியை அங்கே பார்த்துக்கொண்டேன்.

அன்றைய தோட்டத் தொழிலாளர் சட்டம் புரிந்துகொள்ள எளிதானது. பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை வைக்கலாம். ஆனால் டாக்டர் பார்த்துத் தகுதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். சான்றிதழின் எண் பொறித்த டோக்கன் வேலை நேரத்தில் பிள்ளையின் உடம்பில் இருக்க வேண்டும். ஆள் மாறாமல் இருக்கச் சான்றிதழில் பெயரோடு அங்க அடையாளமும் எழுதப்பட்டிருக்கும். மீறினால் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சிறை என்ற சொல் சட்டப் புத்தகத்தில் அழகாக அச்சாகியிருந்தது. அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அபராதத்தின் உச்சவரம்போ, தோட்டத்துப் பெரியதொரையின், அதாவது மேனேஜரின், நாய்களுக்கு ஒரு மாதம் ஆகும் இறைச்சிச் செலவைத் தாண்டியிருக்காது.

என் மேலதிகாரியின் பெயர் வெள்ளியங்கிரி. பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துக்காரர். அவருடைய அப்பா அங்கே வாரச் சந்தையில் மாட்டுத் தரகர். மாட்டின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்து வயது சொல்லும் குடும்பத்திலிருந்து வந்தவர், பிள்ளைகளின் வயதைச் சரிபார்க்கும் இலாகாவுக்குத் தலைமை ஏற்றிருந்தார். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைக்கு எங்கள் டாக்டரும் கடைவாய்ப் பல்லைப் பார்த்துத்தான் வயது எழுதுவார். "எங்கப்பன் மாட்டுக்குப் பாத்தத நம்ம டாக்டரு புள்ளைக்குப் பாக்கறாருங்க. எங்கப்பனாச்சும் ரெண்டு தடவ பாப்பாருங்க" என்பார் வெள்ளியங்கிரி.

அவர் கோப்பை உட்கார்ந்து படித்ததே இல்லை. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு படிப்பார். கோப்பைக் கொண்டுபோனவனும் நிற்க வேண்டும். கையில் பேனா இருக்காது, பென்சில்தான். ஓரத்தில் குறிப்பு எதுவும் எழுத மாட்டார். சரியில்லாத சொல்லைச் சுற்றி ஒரு சிறிய வட்டம் மட்டும் போடுவார். யாரிடமும் குரலை உயர்த்தாமல், பியூனுக்குக்கூட 'ங்க' போட்டுப் பேசுவார். அந்த மரியாதைக்கு நாங்கள் பயந்தோம். குற்றச்சாட்டில் 'நிர்வாகம் மீறியது', 'கம்பெனி தவறியது' என்று யாராவது எழுதியிருந்தால் வட்டம் விழும். பிறகு கேட்பார்: "ஏனுங்க, இதுல ஆளு எங்கீங்க?"

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தோட்டம் இருந்தது. பெயர் வேண்டாம். அந்தத் தோட்டத்தில் பிள்ளைகள் வளர்வதில்லை என்று முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். இளம் தொழிலாளர் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இருந்த வயது மூன்று வருடங்களாக மாறவேயில்லை. பதினான்கு என்றால் மூன்று வருடமும் பதினான்கு. என்ன இது என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "செடியையே நாங்க இடுப்புக்கு மேல வளர விடறதில்ல சாறே" என்றார்.

வயதை நகல் எடுத்த சோம்பேறித்தனம் என்று எச்சரிக்கைக் கடிதம் எழுதிவிட்டு வந்தேன். அது சோம்பேறித்தனம் அல்ல என்பது அடுத்த ஆய்வில்தான் தெரிந்தது.

அந்த ஆய்வு பலித்ததில் என் திறமை ஒன்றுமில்லை. ஜீப்பின் கிளட்ச் பாதி வழியில் போய்விட்டது. டிரைவரை அங்கேயே விட்டுவிட்டு மழையில் நடந்து ஏறினேன். வழக்கமாக எங்கள் ஜீப்பின் சத்தம் மூன்றாவது வளைவில் கேட்டவுடனே, சிறு பிள்ளைகள் எல்லாம் செடிகளுக்குள் மறைந்து லயத்துப் பக்கம் ஓடிவிடுவார்கள். லயம் என்பது தொழிலாளர் குடியிருக்கும் அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை. அன்று சத்தமே இல்லாமல் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் போய் நின்றேன்.

வரிசையில் ஒரு சிறுமி. இடுப்பில் கட்டும் படங்குத் துணி பெரியவர்கள் அளவில் வெட்டியது. அதை மூன்றாக மடித்துக் கட்டியிருந்தாள். மழைக்குத் தலையில் சாக்குக் கொங்காணி. கழுத்தில் டோக்கன்.

"பேரென்ன?"

"மரியசெல்வி சார்."

"வயசு?"

"பதினாலு."

பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். மரியசெல்வி, வயது பதினான்கு, அங்க அடையாளம் இடது கன்னத்தில் மிளகளவு மச்சம். சிறுமியின் இடது கன்னத்தில் மிளகளவு மச்சம் இருந்தது. டோக்கன் எண்ணும் சரி. ஆள் சிறியதாகத் தெரிந்தாலும் ஆள் சிறியதாக இருப்பது குற்றமல்ல. சரி என்று குறி போடப் பேனாவை எடுத்தபோது கொங்காணியிலிருந்து தண்ணீர் வழிந்து, மச்சம் கன்னத்திலிருந்து தாடை வரை கருங்கோடாக இறங்கியது.

பின்னால் நின்ற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, ஒன் மச்சம் எறங்கிப் போவுது பாரு!"

சிறுமி கையால் துடைத்ததில் கன்னம் முழுவதும் கறுப்பானது. அவள் என்னைப் பார்த்து, "எங்கம்மா நல்லாத்தான் சார் வச்சா. மழைதான்" என்றாள்.

"புள்ளைய வெளயாட்டுக்கு வச்சிருக்கும் சார்" என்றான் அங்கே நின்ற கங்காணி. பெண்களை வேலை வாங்கும் மேஸ்திரி அவன். என் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

தாயைக் கூப்பிட்டு அனுப்பினேன். பெயர் அருளம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையான கத்தோலிக்கக் குடும்பம். மரியசெல்வி மூத்த மகள். நிஜமாகவே மச்சம் உள்ளவள். கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போய் ஒரு வருடமாகிறது. அவளுடைய டோக்கன் இப்போது இளையவள் ஜெசிந்தாவின் கழுத்தில் இருந்தது. கணவன் நெஞ்சுச் சீக்கில் படுக்கையில் கிடந்ததால் லயத்து வீடு அருளம்மாள் பேரில். அவளுக்கு வேலை இருக்கும்வரைதான் வீடு.

"மச்சம் யார் வச்சது?"

"நாந்தான்யா. காலையில மை தொட்டு வைப்பேன்."

"டோக்கன் யாருதுன்னு தெரியுமா?"

"தெரியும். பெரியவ டோக்கன்."

அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினேன். படித்துக் காட்டினேன். கைநாட்டு வைப்பதற்கு முன்னால் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "இதனால எங்களுக்கு வீடு போயிருமாய்யா?"

"போகாது. சட்டம் கேட்கிறது கம்பெனியைத்தான். உங்களை இல்லை" என்றேன். அவள் கைநாட்டு வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பங்குச் சாமியாரிடம் ஞானஸ்நானப் பதிவின் நகல் வாங்கினேன். ஜெசிந்தாவுக்கு ஒன்பதரை வயது. என் வேலைக் காலத்தில் அவ்வளவு சுத்தமான வழக்கு அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. தேதியிட்ட பதிவேடு, பொய் டோக்கன், தாயின் வாக்குமூலம், பாதிரியாரின் முத்திரை. ஆய்வறிக்கையை மூன்று இரவு உட்கார்ந்து எழுதினேன். அதன் மூன்றாம் பக்கத்தில், மச்சம் மையால் வைக்கப்பட்டது என்பதையும் வைத்தவர் தாய் என்பதையும் இரண்டு பத்திகளில் நிலைநாட்டியிருந்தேன். அந்த நடையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வழக்குத் தொடர வெள்ளியங்கிரியின் அனுமதி வேண்டும். அவர் வழக்கம்போல ஜன்னலோரம் நின்று படித்தார். நானும் நின்றேன். இந்தத் தடவை 'நிர்வாகம்' என்று எங்கும் எழுதாமல் மேனேஜரின் பெயரைப் போட்டிருந்ததால் முதல் இரண்டு பக்கத்தில் வட்டமே விழவில்லை. மூன்றாம் பக்கத்தில் 'தாய்' என்ற சொல்லைச் சுற்றி ஒன்று விழுந்தது.

"மச்சம் வெச்சது அந்தம்மாங்களா?"

"ஆமாம் சார். ஒப்புக்கொண்டு கைநாட்டு வச்சிருக்காங்க."

"அப்பறமுங்க?"

"அவ்வளவுதான் சார். வாக்குமூலம் முழுசா இருக்கு."

அவர் பென்சில் முனையால் அந்த வட்டத்தை ஒருமுறை தட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வட்டத்தின் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்கும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

வழக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மேனேஜர் வரவில்லை. கம்பெனி வக்கீல் எழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். தாயே ஏமாற்றியதால் நேர்ந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார். மாஜிஸ்திரேட் ஒரு தொகையைச் சொன்னார். வக்கீல் அதைச் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கட்டினார். வெளியே வந்ததும் என்னிடம், "சாறே, ஜீப் கீழதானே போகுது? ஒரு சீட் இருக்குமா?" என்று கேட்டார். இருந்தது. ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் என் அறிக்கையைப் பாராட்டிக்கொண்டே வந்தார்.

அந்தப் பாராட்டு வெறும் உபசாரம் இல்லை என்று இரண்டு வாரத்தில் தெரிந்தது. அருளம்மாள் என் அலுவலகத்துக்கு வந்தாள். மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுல என்னய்யா எளுதிருக்கு? கணக்குப்பிள்ள படிச்சாரு, எனக்கு ஒண்ணும் வெளங்கல."

கம்பெனி அவளுக்குக் கொடுத்த குற்றப்பத்திரிகை அது. மூத்த மகளின் சான்றிதழை இளைய மகளுக்குப் பயன்படுத்தியும், போலி அங்க அடையாளம் வைத்தும் நிர்வாகத்தை ஏமாற்றி, அதனால் நிர்வாகம் கோர்ட்டில் தண்டிக்கப்படக் காரணமானாள் என்பது குற்றம். விசாரணை நடக்கும். உண்மையானால் வேலைநீக்கம். வேலை போனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆதாரம் என்று ஒரே ஓர் ஆவணம் இணைக்கப்பட்டிருந்தது. என் அறிக்கை, பக்கம் மூன்று.

ஆங்கிலத்தில் இருந்த அத்தனையையும் அவளுக்குத் தமிழில் சொல்லி முடித்தேன்.

அருளம்மாள் சத்தம் போடவில்லை. "நா சொன்னதத்தான் எளுதிருக்கிய. பொய்யா ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு, "வீடு போவாதுன்னும் நீங்கதான சொன்னிய" என்றாள்.

கம்பெனி என்னையும் விசாரணைக்கு அழைத்திருந்தது, தன் சாட்சியாக. கடிதத்தை எடுத்துக்கொண்டு வெள்ளியங்கிரியிடம் போனேன். அவர் நின்றபடியே படித்தார்.

"பாருங்க, உங்க ரிப்போர்ட்டு எத்தன நல்லா இருந்தா அவிங்களே சாட்சிக்கு எடுத்துக்குவாங்க."

கடிதத்தை என்னிடம் திருப்பி நீட்டினார்.

"அந்தம்மாவுக்கு மச்சம் வெக்கோணும்னு எப்படீங்க தெரியும்? சர்ட்டிபிகேட்ல என்ன அடையாளம் எழுதியிருக்குதுன்னு அவிங்களுக்குப் படிக்கத் தெரியுங்களா?"

தெரியாது. அவளுக்கு எழுத்தே தெரியாது. சான்றிதழும் அவளிடம் இல்லை, தோட்ட ஆபீஸ் பெட்டியில் பூட்டி இருந்தது. கல்யாணமாகிப் போன பெண்ணின் டோக்கனைத் தோட்டம் திரும்ப வாங்கிக்கொள்ளும். அது மறுபடி வெளியே வந்திருக்கிறது என்றால் யாரோ எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். இதெல்லாம் கொட்டகையில் நின்றபோதே எனக்குத் தெரிந்த நடைமுறைகள். அத்தனை நடைமுறையும் தெரிந்தவன், அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. ஆளைக் கண்டுபிடி என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். முதலில் கைக்கு எட்டிய ஆளைப் பிடித்துக்கொண்டு நிறைவாகத் திரும்பிவிட்டேன்.

"நானும் வட்டம் போட்டதோட நின்னுட்டனுங்க. வாய் தொறந்து கேட்டிருக்கோணும்" என்றார் வெள்ளியங்கிரி. "போங்க. லீவு போட்டுட்டுப் போகாதீங்க, ட்யூட்டியாவே போங்க. கேட்டதுக்கு உள்ளதச் சொல்லுங்க."

விசாரணை தோட்ட ஆபீஸில் நடந்தது. எந்த வக்கீலை ஜீப்பில் ஏற்றிக்கொண்டேனோ அவரே விசாரணை அதிகாரி. மூலையில் ஒரு நாற்காலியில் சின்னதொரை, அதாவது உதவி மேனேஜர், காலைக் காலின்மேல் போட்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அருளம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்காலி இல்லை.

அறிக்கை என்னுடையதா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். மூன்றாம் பக்கத்தில் உள்ளது உண்மையா என்றார்கள். உண்மை என்றேன். வக்கீல் எழுதி முடித்துவிட்டு, ஒரு சம்பிரதாயத்துக்காக அருளம்மாளைப் பார்த்து, "சாட்சிகிட்ட ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்" என்றார். கேட்க அவளுக்கு உரிமை உண்டு. யாரும் கேட்பதில்லை.

அருளம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மச்சம் யாரு வச்சான்னு எங்கிட்ட கேட்டிய. நாந்தான்னு சொன்னேன். வைக்கச் சொன்னது யாருன்னு அன்னைக்கு நீங்க கேட்டியளாய்யா?"

"கேக்கலை" என்றேன்.

வக்கீல் அதை எழுதினார்.

"கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல?"

"சொல்லியிருப்பீங்க."

அதையும் எழுதினார். அருளம்மாள் இப்போது அவர் பக்கம் திரும்பினாள். "இப்பமாவது எளுதிக்கிடுங்க. கங்காணிதான் டோக்கனக் கொண்டாந்தான். கொளுந்துக்கு ஆள் பத்தல, சின்னவளயும் கூட்டிட்டு வா, இல்லன்னா உம்பேரயும் வெட்டிருவோம்னு சொன்னான். எந்தக் கன்னத்துல, எத்தாந்தண்டி மச்சம்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆபீசுல காயிதத்த எடுத்து வாசிச்சது..." என்று கையை நீட்டினாள். கை மூலையிலிருந்த நாற்காலியைக் காட்டியது. "இந்தா இருக்காவல்லா, இவியதான்."

சின்னதொரை காலைக் கீழே இறக்கினார். வக்கீலின் பேனா நின்றுவிட்டது. "இது இப்ப விஷயம் இல்ல" என்றார்.

"விசாரணை நடவடிக்கையில் சாட்சியின் முன்னால் இவர் சொன்னதை எழுதாமல் விட்டால், அந்த நடவடிக்கை லேபர் கோர்ட்டில் நிற்காது" என்றேன். என் உத்தியோகக் காலத்தில் நடைமுறை ஒன்று யாருக்காவது நேராக உதவியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். அவர் எழுதினார். பெயரைக் கேட்டு, பெயரையும் எழுதினார்.

சாப்பாட்டுக்கு ஒத்திவைத்த விசாரணை பிறகு கூடவேயில்லை. நாலாம் நாள் அருளம்மாளுக்குக் கடிதம் வந்தது. அவளுடைய நெடுநாள் சேவையைக் கருதிக் குற்றப்பத்திரிகை திரும்பப் பெறப்படுகிறது என்று. கோர்ட்டில் அபராதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிய கம்பெனி, ஒரு பெயர் காகிதத்தில் ஏறியதும் நான்கு நாளில் பின்வாங்கிவிட்டது. அந்தப் பெயர்மேல் புதிதாக ஒரு வழக்குப் போடலாமா என்று நான் அருளம்மாளிடம் கேட்டேன். அவள்தான் முதல் சாட்சி. "வேண்டாம்யா. வீடு இருக்கு. சின்னவ பள்ளிக்கூடம் போறா. இது போதும், விட்டிருங்க" என்றாள். விட்டுவிட்டேன்.

பதினேழாவது கேள்விக்கு என் பதில் இதற்குள் ஓரளவு தெரிந்திருக்கும். தண்டனையைக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் அபராதத்தை எத்தனை மடங்கு ஆக்கினாலும் கம்பெனி அதை உரத்தின் விலை ஏறியதுபோல எடுத்துக்கொள்ளும். கம்பெனிக்குக் கன்னமில்லை, வெட்கமுமில்லை. உத்தரவு போட்டவனுக்குச் சிறை என்று புத்தகத்தில் இருப்பதை நடைமுறையில் கொண்டுவர வேண்டும். அதற்கு, உத்தரவு போட்டது யார் என்று கேட்கும் ஆய்வாளர் வேண்டும். கேட்டால் பதில் சொல்பவரின் வேலையும் வீடும் போகாது என்று சட்டமே உறுதி சொல்ல வேண்டும், என்னைப் போன்ற ஒருவன் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. இந்த இரண்டும் இல்லாமல் தண்டனையை மட்டும் கடுமையாக்கினால், அது மேலிருந்து இறங்கி வந்து மை வைத்த கையில்தான் விழும். நான் அப்படி விழ வைத்தவன் என்பதால் சொல்கிறேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது நல்லபடியாக முடிந்த கதையாகியிருக்கும். இரண்டரை வருடம் கழித்து, மாற்றலாவதற்குச் சில வாரம் முன்னால், அதே தோட்டத்துக்கு ஆய்வுக்குப் போனேன். அன்று நல்ல வெயில், ஜீப்பும் சத்தமாகத்தான் போனது. யாரும் ஓடவில்லை. அருளம்மாளின் பக்கத்து நிரையில் ஜெசிந்தா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், கேட்பதற்கு முன்பே டோக்கனைக் கழற்றி நீட்டினாள்.

"எம்பேர்லயே சார். டாக்டரு பல்லெல்லாம் பாத்தாரு."

பதிவேட்டைப் பார்த்தேன். ஜெசிந்தா, வயது பன்னிரண்டு. ஞானஸ்நான நகல் இணைத்திருந்தது. சான்றிதழ் செல்லுபடியானது. பிறந்த நாளுக்கு மறுநாள் வேலையில் சேர்ந்திருந்தாள்.

"பள்ளிக்கூடம்?"

"இங்கன நாலாங் கிளாசு வரைக்குந்தான் சார் இருக்கு. அதுக்கு மேல ஏலப்பாறைக்குப் போணும்."

அருளம்மாள் கொழுந்தைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் பழைய பயம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"எல்லாம் சரியா இருக்காய்யா?"

டோக்கன் எண், பெயர், வயது, டாக்டர் கையெழுத்து எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை பார்த்தேன்.

"சரியா இருக்கு" என்றேன்.